மிளகாய் அரைக்காத வாரம்

எங்கள் மில்லில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் யாரிடமும் கூலி வாங்க மாட்டோம். அரிசி, வறுத்த பாசிப்பயறு, உளுந்து, எதைக் கொண்டுவந்தாலும் பலகாரத்துக்கு என்றால் சும்மா அரைத்துக் கொடுப்போம். கோயிலுக்குப் போகிற வீடா, சர்ச்சுக்குப் போகிற வீடா, மசூதிக்குப் போகிற வீடா என்ற கேள்வியே கிடையாது. அந்த வாரம் மிளகாய் மட்டும் மிசினுக்குள் போகாது. இவ்வளவுதான் விஷயம். இதைப் போய்ச் சிலர் தர்மம் என்றார்கள், சேவை என்றார்கள். ஒரு தடவை காலேஜ் பெண்கள் இரண்டு பேர் கேமராவோடு வந்து, "நீங்க சமுதாயத்துக்குத் திருப்பிக் கொடுக்கறேள் இல்லையா மாமா?" என்று மாட்டுங்கா ஐயர்வீட்டுத் தமிழில் கேட்டார்கள். அப்பா மாவு படிந்த இமையைக் கொட்டிக்கொண்டு, "அப்படியெல்லாம் ஒண்ணுமில்லம்மா. தள்ளி நில்லுங்க, பெல்ட்டு ஓடுது" என்றார்.

அவர் மழுப்பவில்லை. உள்ளதைத்தான் சொன்னார்.

தாராவியில் எங்கள் சந்து எவ்வளவு அகலம் என்றால், மில் வாசலில் நின்று கை நீட்டினால் எதிர் வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடிக்கலாம். மில்லுக்குள் ஒரு மோட்டார், ஒரு பெல்ட், இரண்டு கல். மிசின் ஓடினால் சந்து முழுக்க அதிரும். மாவுத்தூசி எதிர் வீட்டுத் துணியில் விழும், சோற்றில் விழும், குழந்தையின் தலையில் விழும். சனிக்கிழமை மதியத்துக்கு மேல்தான் மிளகாய். தகரத் தொட்டியில் வற்றலைக் கொட்டுவதற்கு முன்னால் அப்பா வாசலில் வந்து நின்று, "மிளகாப் போடுதேன்!" என்று ஒரு சத்தம் கொடுப்பார். டப் டப் டப் என்று கதவுகள் வரிசையாக அடைபடும். அடைக்க மறந்த வீட்டிலிருந்து தும்மலும் வசவும் வரும். எல்லாம் முடிந்ததும் கல்லைப் பிரித்துத் துடைத்து, நொய்யரிசியை இரண்டு தடவை ஓட்டிக் கீழே கொட்டிவிட்டுத்தான் அப்பா சாப்பிட உட்காருவார். திங்கட்கிழமை அரிசி கொண்டுவருகிறவளுக்கு மாவில் காரம் ஒட்டக்கூடாது.

எதற்காக ஒரு வாரம் சும்மா அரைக்க வேண்டும் என்று அம்மா ஆரம்பத்தில் சண்டை போட்டிருக்கிறாள். அதற்கு அப்பா சொன்னது இது: "வருசம் பூரா நம்ம தூசிய அவ்வொ திங்காவ. ஒரு வாரம் நம்ம மாவயும் சும்மா தின்னுட்டுப் போகட்டும்."

இதில் எங்கே சேவை இருக்கிறது? குப்பை போட்டவன் கூட்டுகிறான், அவ்வளவுதான். ஆனால் அந்த வாரத்தைப் போல ஒரு வாரம் என் வாழ்க்கையில் வேறு வந்ததில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் எனக்கு மில் வாசலில் ஸ்டூல் போட்டுவிடுவார்கள். வரிசையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எனக்கு வாய் நீளம் என்பதால் கிடைத்த வேலை. சந்து முனை வரைக்கும் பெண்கள் டப்பாவும் தூக்குவாளியும் துணி மூட்டையுமாக நிற்பார்கள். அதிரசத்துக்கு அரிசி ஊறவைத்து, துணியில் உலர்த்தி, கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே அரைக்க வேண்டும். ஈரம் கூடினால் கல்லில் அப்பிக்கொள்ளும். குறைந்தால் மாவு பாகில் சேராது. அப்பா ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து விரிப்பார். அரிசி கட்டியாக நின்றால், "கொண்டு போயி இன்னும் கொஞ்சம் ஒணத்து" என்று திருப்பி அனுப்பிவிடுவார். திரும்பிப் போகிறவளை வரிசையில் நிற்கிறவர்கள் சும்மா விடமாட்டார்கள்.

"எக்கா, தண்ணி சொட்டுதே. ஒனக்கு மாவா வேணும், கூழா வேணும்?"

"நீ ஒன் அரிசியப் பாருட்டி. பூராம் கல்லு. ஒன் மாப்பிள்ளைக்குப் பல்லு கெட்டிதான, தின்னுட்டுப் போறாரு."

அரைபட்ட பச்சரிசி சூடாக இறங்கும்போது ஒரு மணம் வரும். அதை எனக்குச் சொல்லத் தெரியாது. சந்தில் ஓடுகிற சாக்கடை நாற்றத்தையே அது அமுக்கிவிடும். இருட்டும்போது நான் தலை, புருவம் எல்லாம் வெளுத்து உட்கார்ந்திருப்பேன். போகிற பெண்கள் என் கன்னத்தைக் கிள்ளி மாவைத் தட்டிவிட்டுப் போவார்கள். அந்தச் சந்துக்கே நான்தான் முதலாளி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் ஆகி டோம்பிவிலிக்குப் போனேன். முலுண்டில் ஒரு டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலை. வருஷத்தில் வேறு எதற்கும் லீவு கேட்க மாட்டேன். இந்த வாரத்துக்குக் கேட்பேன். டாக்டர் முகத்தைச் சுளித்தாலும் கேட்பேன். ஸ்லோ டிரெயினில் நின்றுகொண்டே சயான் வந்து இறங்கி, நடந்து, சந்துக்குள் நுழைகிறபோதே மிசின் சத்தம் காலில் ஏறும். அப்போதுதான் எனக்கு மூச்சே சரியாக வரும். என் ஃப்ளாட் இருக்கிற மாடியில் நாலு வீடு. யார் என்ன சமைக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. பண்டிகைக்குக் கொடுக்கிற சோன்பாப்டி டப்பாவை அவர்கள் எனக்குத் தர, நான் இன்னொருத்தருக்குத் தர, ஒரே டப்பா கட்டடத்தைச் சுற்றி வரும்.

அப்பா போன பிறகு மில் அண்ணன் கைக்கு வந்தது. அண்ணனுக்குப் பேச்சு குறைவு. உள்ளூர யோசிக்கிற ஜாதி. அதற்குள் காலம் மாறிவிட்டது. சந்தில் பாதிப் பேர் வீட்டை வாடகைக்கு விட்டு முலுண்ட், செம்பூர் என்று போய்விட்டார்கள். மிச்சப் பேர் பாக்கெட் மாவு வாங்குகிறார்கள். வாரக் கணக்கில் பெல்ட் ஓடாமல் கிடந்தது. அப்போதுதான் ஒரு ஊறுகாய்க் கம்பெனிக்கு மிளகாய்த்தூள் அரைத்துக் கொடுக்கிற வேலையை அண்ணன் பிடித்தான். முதலில் வாரத்தில் இரண்டு நாள். அப்புறம் தினமும். காலையிலிருந்து சாயங்காலம் வரை மிளகாய்தான்.

இருந்தும் அந்த வாரத்தை மட்டும் நிறுத்தாமல் நடத்திக்கொண்டிருந்தான். போன வருஷம் டிசம்பரில் போன் செய்தான்.

"இந்த வருசம் வேண்டாம்ட்டி. ஆர்டர் நெறைய கெடக்கு."

"ஒரு வாரம்தானண்ணே."

"ஒரு வாரம் நிறுத்துனா கம்பெனிக்காரன் வேற ஆளப் பாப்பான்."

"அப்பம் ரெண்டு நாளு. நான் வாரேன். மிசின நானே தொடைக்கேன்."

"நீ சொன்னாக் கேக்கவா போற" என்று வைத்துவிட்டான்.

அந்த வாரம் போனால் எனக்கு அந்தச் சந்தில் எந்த வேலையும் இல்லை. விருந்தாளி மாதிரி வந்து, டீ குடித்து, பிள்ளைகளுக்குக் கையில் காசு கொடுத்துவிட்டு ரயில் ஏற வேண்டியதுதான். அது எனக்கு முடியாது. அதற்காகத்தான் போனேன். சந்து மக்களுக்கு மாவு வேண்டும் என்று போகவில்லை.

நானும் மைனியும் ஒரு பகல் முழுக்க மிசினைத் துடைத்தோம். மைனி என் அண்ணன் பெண்டாட்டி. என்னைச் சீண்டுவதில் அவளுக்குச் சலிப்பே கிடையாது. "நாத்தனா வந்துட்டா. கல்லே நடுங்குது பாத்தியளா" என்று அண்ணனிடம் சொல்லிக்கொண்டே பிரஷ் போட்டாள். மாவு இறங்குகிற துணிக்குழாயைக் கழற்றிப் புதிது கட்டினோம். நொய் ஓட்டினோம். மறுபடி ஓட்டினோம். தவிடு ஓட்டினோம். மூக்கும் கண்ணும் ஒழுகிக்கொண்டே இருந்தன. கொட்டிய நொய் கடைசி வரை ரோஸ் நிறமாகவே வந்தது.

மறுநாள் காலையில் பத்துப் பதினைந்து பெண்கள் வந்தார்கள். நான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். முதல் அரிசி இறங்கியது. பார்க்க வெள்ளையாகத்தான் இருந்தது. அரிசி கொண்டுவந்தவள் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். அவள் முகம் கோணிப்போனது.

"ஏசுவே! எரியுதுட்டி!"

ஆளாளுக்கு ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்து, ஸ்ஸ் ஸ்ஸ் என்று சத்தம் போட்டார்கள். பிறகு ஒருத்தி சிரித்தாள். அது எல்லாரையும் பிடித்துக்கொண்டது.

"இந்த வருசம் அதிரசம் கெடயாது. எல்லாரும் முறுக்கச் சுடுங்க. மிளகாப்பொடி செலவு மிச்சம்."

"ஏசு பாலன் இந்தத் தடவ காரசாரமாத்தான் பொறக்காரு."

நானும் சிரித்தேன். முறுக்கு மாவாகவே அரைத்துக் கொடுத்தோம். ஒருத்தியும் கோபிக்கவில்லை. அந்தச் சிரிப்பிலேயே நான் வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன், எல்லாம் பழையபடி இருக்கிறது என்று. அப்போதுதான் எதிர் வீட்டுக்காரி வரிசையில் இல்லை என்பது உறைத்தது.

எதிர் வீட்டுக்காரியும் நானும் ஒரே வயசு. சேர்ந்து தெருவில் உருண்டவர்கள். அவர்கள் சர்ச்சுக்குப் போகிற ஆட்கள் இல்லை. ஆனால் எங்கள் வாரத்தில் முதல் அரிசி எப்போதும் அவர்கள் வீட்டு அரிசிதான். வீடு பக்கத்தில் இருப்பதால் அவள் வரிசையைக் குறுக்கே வெட்டி நுழைவாள், நான் கத்துவேன், அவள் கேட்க மாட்டாள். அன்று அவள் கதவு சாத்தியிருந்தது. கதவுக்கடியில் இடுக்கு தெரியாமல் ஈரத்துணி திணித்திருந்தது.

தட்டினேன். கொஞ்சமாகத் திறந்து என்னை உள்ளே இழுத்துக் கதவை அடைத்தாள்.

"ஒன் அரிசி எங்கட்டி?" என்றேன்.

"ஊறப் போடல."

கட்டிலில் அவள் பேத்தி உட்கார்ந்திருந்தாள். பால்வாடிக்குப் போகிற வயசு. மூக்கில் மாஸ்க். பக்கத்தில் நெபுலைசர் மிசின் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கிளினிக்கில் இப்படிப் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். டோக்கன் கொடுத்து உட்காரச் சொல்கிறேன். இந்த வீட்டில் இதைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

"ஒங்க அண்ணங்கிட்ட எத்தன மட்டம் சொல்லியாச்சு தெரியுமா?" என்றாள். "ஒங்கப்பா மிளகாப் போட முன்ன சத்தம் குடுப்பாரு. நாங்க கதவ அடச்சுக்கிடுவோம். இப்பம் எப்பத் தெறக்க, எப்ப அடைக்க? வெயில் காலத்துலயும் அடச்சுக்கிட்டே கெடக்கோம். டாக்டரு வீட்ட மாத்துங்கான். எங்க மாத்த?"

"அதச் சொல்ல வேண்டியதுதான? வரிசைக்கே வரமாட்டேன்னா எப்படி?"

"எதுக்கு வரணும்? ஒங்கப்பா தூசிக்குப் பதிலா மாவு குடுத்தாரு. சரின்னு வாங்குனோம். இதுக்குப் பதிலா என்னட்டி குடுப்பீய? இதுக்கும் ரெண்டு கிலோ மாவா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இத்தன வருசம் சும்மா அரைக்கும்போது இனிச்சுதுல்லா?" என்றேன்.

"இனிச்சுது. அதான் இத்தன வருசமும் வாயத் தெறக்காம இருந்தேன்."

பேத்தி மாஸ்க்குக்கு மேலே கண்ணை உருட்டி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வெளியே வந்தேன். வரிசையில் இருந்தவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் மிசினை நிறுத்திய பிறகு அண்ணனிடம் அந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்டேன்.

"தெரியும்" என்றான்.

"தெரிஞ்சுமா ஓட்டுத?"

"வேற என்ன செய்யச் சொல்லுத? அரிசி அரைச்சாக் கரண்டு பில்லு கெட்ட முடியுமா?"

"ஒரு ஃபேன வச்சு வெளிய தள்ளலாம்ல?"

"வச்சேன். பின் சந்துக்குப் போச்சு. அங்க உள்ளவன் கம்ப எடுத்துட்டு வந்தான்." கையிலிருந்த துணியைக் கீழே போட்டான். "நீ வருசத்துல ஒரு வாரம் வந்து ஸ்டூல்ல ஒக்காந்து மொதலாளி வேல பாத்துட்டுப் போற. மிச்ச நாள் பூரா அந்தப் புள்ள இருமுறதக் கேட்டுக்கிட்டு மிசின் ஓட்டுறது நாந்தான்."

கீழே கிடந்த துணியை எடுத்துக் கொடியில் போட்டேன். மைனி எனக்கும் அவனுக்கும் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு வார்த்தை சீண்டாமல் போனாள்.

கிறிஸ்துமஸ் கழிந்ததும் அண்ணன் முடிவு சொன்னான். மிசினைச் சந்தை விட்டே கொண்டுபோகிறான். டோம்பிவிலிக்கு அப்பால் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட் கிடைத்திருக்கிறது. நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். மிளகாயை மட்டும் அங்கே அரை, அரிசிக்கு இங்கே சின்ன மிசின் ஒன்று போடு என்றேன். "அரிசிக்கு ஆள் எங்கட்டி இருக்கு?" என்றான். டிசம்பரில் மட்டும் திறக்கலாம் என்றேன். "டிசம்பர்ல மட்டும் வாடகை குடுத்தாப் போதுமா?" என்றான். எதற்கும் குரலை உயர்த்தவில்லை. அவன் சத்தம் போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ஈஸ்டருக்கு முன்னால் மிசின் போனது. சந்துக்குள் டெம்போ வராது. கழற்றித் துண்டு துண்டாகத்தான் கொண்டுபோனார்கள். இரண்டு கல்லையும் மூங்கிலில் கட்டி ஆண்கள் தோளில் சுமந்தார்கள். முன்னால் சுமந்தவர்களில் ஒருவன் எதிர் வீட்டுக்காரியின் மகன், அந்தப் பேத்தியின் அப்பா. எதிர் வீட்டுக்காரி எல்லாருக்கும் டீ போட்டாள். மிசின் நின்ற இடத்தை அவளே கூட்டி, தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். சுவரில் சிவப்பு போகவில்லை. "கெடந்துட்டுப் போகுது. சுவரு என்ன இருமவா போகுது?" என்றாள்.

இப்போது அந்த ஷெட் என் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம்தான். சிரிக்க வேண்டிய விஷயம். ஒரே ஒரு தடவை போனேன். உயரமான கூரை, பெரிய ஃபேன், அண்ணன் மாஸ்க் போட்டு நிற்கிறான். சுற்றிலும் கெமிக்கல் கம்பெனிகள். "கிறிஸ்துமஸ் வாரம் இங்க வச்சுக்கிட்டா என்ன?" என்று கேட்டேன். "யாருக்கு? பக்கத்துல பெயின்டு கம்பெனி வாட்ச்மேனுக்கா அதிரசம்?" என்றான். சிரித்தான். எனக்கு அது சிரிப்பாக வரவில்லை.

இந்த வருஷமும் லீவு கேட்டேன். எதற்கு என்று டாக்டர் கேட்டார். வழக்கமாகப் போவதற்கு என்றேன்.

சயானில் இறங்கி நடந்தேன். சந்துக்குள் நுழைந்தால் காலில் ஒன்றும் ஏறவில்லை. தரை சும்மா கிடந்தது. எங்கள் மில் இருந்த இடத்தில் பை தைக்கிறவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்து ஆட்கள். "கிஸ்கோ டூண்ட் ரஹீ ஹோ, ஆன்ட்டி?" என்று ஒருத்தன் என்னிடம் கேட்டான். யாரைத் தேடுகிறேன் என்று கேட்கிறான். எங்கள் மில் வாசலில் நின்றுகொண்டு என்னிடமே கேட்கிறான். அவனைத் திட்டுவதற்கு எனக்கு நியாயம் இல்லை. மனசுக்குள் திட்டினேன்.

சந்து முழுக்கக் கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். வெள்ளைத் துணி வெள்ளையாகவே காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் காலத்தில் இதை நினைத்தே பார்க்க முடியாது. எதிர் வீட்டுக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. அந்தப் பேத்தி வாசலில் இன்னொரு பிள்ளையைத் துரத்திக்கொண்டு கத்தியபடி ஓடினாள். இருமவில்லை. நான் நின்று பார்த்தேன். இருமுவாளா என்று பார்த்தேனா, இருமக்கூடாது என்று பார்த்தேனா, எனக்கே தெரியவில்லை.

"வாட்டி மொதலாளி" என்றாள் எதிர் வீட்டுக்காரி. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"மாவு ஏது?"

"பாக்கெட்டு."

"பாக்கெட்டு மாவுல முறுக்கா? வெளங்கும்."

"தின்னுட்டுப் பேசு."

தின்றேன். மொறுமொறுவென்று இருந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. உப்பாவது கூடியிருக்கும் என்று பார்த்தேன், அதுவும் சரியாக இருந்தது.

"நான் ஒண்ணு சொல்லட்டா" என்றேன். "அடுத்த வருசம் நீ அரிசிய ஊறப்போட்டு ஒணத்து வையி. நீ, பக்கத்து வீட்டுக்காரி, இன்னும் நாலு பேரு. நான் வந்து எடுத்துட்டுப் போறேன். அண்ணன்ட்ட சொல்லி மிசினக் கழுவி அரைச்சுத் திருப்பிக் கொண்டாரேன்."

"ரயில்லயா?"

"ரயில்லதான்."

"அரிசிச் சாக்கத் தூக்கிட்டு லேடீஸ் பெட்டில ஏறுனா அவளுவ ஒன்ன உயிரோட விடுவாளுவளா? தாணா ஸ்டேசன்லயே தள்ளி விட்டுருவாளுவ." அச்சைத் திருகிக்கொண்டே சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "வேண்டாம்ட்டி. ஒங்கண்ணன் மிசின எடுத்துட்டுப் போனாம்லா, அதுவே எங்களுக்குப் போதும். வேற ஒண்ணும் தர வேண்டாம்."

அவள் இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. நன்றியாகத்தான் சொன்னாள். குத்தலாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுக்க என்னிடம் வார்த்தை இருந்தது.

"சத்தம் இல்லாம ஒனக்குத் தூக்கம் வருதா?" என்று கேட்டேன். வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடமாட்டாளா என்று இருந்தது.

"நல்லா வருது" என்றாள். "புள்ளயும் நல்லாத் தூங்குது."

எண்ணெயில் முறுக்கு சலசலவென்று பொரிந்தது. வெளியே பேத்தி யாரையோ ஜெயித்துவிட்டுக் கூச்சல் போட்டாள். "கைய வச்சுக்கிட்டு சும்மா இருக்காதட்டி. இந்தா, பிழி" என்று எதிர் வீட்டுக்காரி முறுக்கு அச்சை என் பக்கம் நீட்டினாள். புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். என் கைக்கு அந்த மாவு கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது. பிழிந்தேன்.